ப்ராம்ப்டரை மாற்றக் கூடாது

கணினியில் ஆடுகிற காதல் விளையாட்டு ஒன்றில் தன்னையும் ஒரு பாத்திரமாகப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது மங்கையர்க்கரசிக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட வேண்டுமானால் எதிராளியிடம் கொஞ்சமாவது சரக்கு இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. அவளுக்கு வந்தது இளக்காரம்தான். அது அவளிடம் எப்போதும் கைவசம் இருக்கும். காலையில் பால்காரருக்குக் கொஞ்சம், அலுவலகத்தில் மேலாளருக்குக் கொஞ்சம் என்று தினமும் கொடுத்தும் தீர்ந்தபாடில்லை.

பார்த்த வேலையும் அதற்குத் தோதாக அமைந்திருந்தது. பள்ளிப் பாடப் புத்தகங்களை இப்போதெல்லாம் இயந்திரமே எழுதி, இயந்திரமே திருத்தி, பிழையில்லை என்று இயந்திரமே சான்றும் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகும் மிச்சமிருக்கிற பிழைகளைப் பிடிப்பதற்காகப் பாளையங்கோட்டையில் ஒரு பதிப்பகம் அவளை வைத்திருந்தது. பதினைந்து வருடத்தில் ஒரு நாள்கூட அவள் வெறுங்கையோடு வீடு திரும்பியதில்லை. மனிதர்களைப் பார்க்கும்போதும் முதலில் ஒற்றுப்பிழைதான் கண்ணில் படும். வயது முப்பத்தொன்பது. பெண் பார்க்க வந்த ஏழு பேரை ஏழு வாக்கியங்களில் திருப்பி அனுப்பியிருந்தாள். எட்டாவது ஆள் வரவில்லை.

விளையாட்டின் பெயர் 'ஒத்திகைக் காதல்'. விஷுவல் நாவல் என்று பெரிதாகச் சொல்லிக்கொண்டார்கள். அது நாவலும் இல்லை, பார்க்கும்படியாகவும் இல்லை என்பது மங்கையின் தீர்ப்பு. திரையில் ஒரு கல்லூரி நாடகக் குழு நிற்கும். எல்லாருக்கும் தட்டு மாதிரிக் கண்கள். ஒருவர் பேசுவார். கீழே மூன்று பதில்கள் வரும். அதில் ஒன்றைத் தொடலாம், அல்லது நாமாகவே ஏதாவது பேசலாம். பேச்சு பிடித்துவிட்டால் அவர் கன்னம் சிவக்கும், ஓரத்தில் இருக்கிற நெஞ்சுப் படம் கொஞ்சம் நிரம்பும். முழுக்க நிரப்பிவிட்டால் காதல் கைகூடியது என்று அர்த்தம். கதாநாயகன், கதாநாயகி, ஒப்பனைக்காரி, மேடையோரம் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற ப்ராம்ப்டர் என்று நாலு பேர். அந்த ப்ராம்ப்டர்தான் மங்கை. விளையாட்டில் அவள் பெயர் கயல். மூக்குக்கண்ணாடி மாட்டி, நெற்றிமுடியில் ஒரு கற்றைக்கு நீலச் சாயமும் அடித்துவிட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, அந்த விளையாட்டைச் செய்த 'மாயச்சுவடி' கம்பெனியிலிருந்து ஃபர்ஹானா என்ற பெண் சென்னையிலிருந்து மங்கையின் வீட்டுக்கு வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். கதைப் பொறுப்பு அவளுடையதாம். கூடவே வழிகாட்டியாக செல்வின் வந்து சேர்ந்தான்.

செல்வினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மங்கை இருந்த கல்லூரி நாடகக் குழுவின் இயக்குநராக இருந்தவன். பதினேழு வருடமாகியும் அந்தப் பதவியை விட்டு இறங்காதவன். மூன்று வருடமும் ஒவ்வொரு ஒத்திகையையும் மூலையில் கேமரா நிறுத்திப் படம் பிடித்தான். என்றைக்காவது ஒருநாள் வரலாறு தன்னைத் தேடி வரும் என்று நம்பினான். கடைசியில் வந்தது ரோஜா நிறத்தில் ஒரு காதல் விளையாட்டு. அதுவும் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"ஏ மங்கை, அப்படியே இருக்க பாரு," என்று சொல்லிக்கொண்டே நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான்.

"நீ அப்படி இல்லை," என்றாள் மங்கை.

ஃபர்ஹானா சிரிப்பை அடக்கிக்கொண்டு கணினியைத் திறந்தாள். "அக்கா, நாங்க வசனம் எழுதுறதில்ல. ஆளையே எடுத்துக்குறோம். செல்வின் சார் குடுத்த வீடியோ ஆயிரத்து நூறு மணி நேரம். ஒத்திகை, டீ குடிக்கிறது, சண்டை போடுறது எல்லாமே அதுல இருக்கு. அதை வெச்சு ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிரதி செஞ்சோம். இன்ன நேரத்துல இன்னது கேட்டா இவங்க என்ன சொல்வாங்கன்னு பிரதி சொல்லிடும். நூத்துக்குத் தொண்ணூத்தாறு சரியா இருக்கும்."

"மிச்சம் நாலு?"

"அது ஆளே திடீர்னு மாறி ஏதாவது பண்றது. அதை எந்த மெஷினாலயும் சொல்ல முடியாது."

"எனக்கு அந்த நாலும் கெடையாது. நூத்துக்கு நூறு எழுதிக்க."

சட்டப்படி பிரதிக்கு உரியவர் கையெழுத்துப் போட்டால்தான் விளையாட்டை வெளியிட முடியும். குழுவில் பன்னிரண்டு பேர். பதினோரு பேர் போட்டுவிட்டார்கள். மங்கை ஒருத்திதான் பாக்கி.

"கையெழுத்துக்கு முன்னால ஒரு சிக்கல் இருக்குக்கா," என்றாள் ஃபர்ஹானா. "கயலை யாராலயும் ஜெயிக்க முடியல. நாப்பதாயிரம் பேருக்கு ஆடிப் பாக்கக் குடுத்தோம். கதாநாயகி ரெண்டே நாள்ல மசிஞ்சுட்டாங்க. கதாநாயகன் கிட்ட கஷ்டம், ஆனா முடியுது. கயல் கிட்ட ஒருத்தர் கூடத் தேறல."

அன்றைக்கு முதன்முறையாக மங்கையின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "ஒருத்தன் கூடவா?"

"கவிதை எழுதிக் குடுத்தவங்களுக்கு சந்திப்பிழையைச் சுட்டிக் காட்டி அனுப்புறா. கண்ணு அழகா இருக்குன்னா, 'நீங்க பாக்கிறது கண்ணாடியை'ங்குறா. பூ குடுத்தா, யாருக்கு எடுத்துட்டுப் போறீங்கன்னு கேக்குறா."

"அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கிய," என்றாள் மங்கை. காபி போடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"ஆனா இது ஜாலியான காதல் விளையாட்டுக்கா. நாலு பேர்ல ஒருத்தர் யாருக்குமே கிடைக்க மாட்டார்னா ஆடுறவங்க திட்டுவாங்க. அதனால ரெண்டு வழிதான். என்ன பண்ணா நீங்க மனசு இளகுவீங்கன்னு நீங்களே சொல்லிடணும். இல்லன்னா நாங்க இளக்கிவிடணும். இந்த மாதிரி."

கணினியை அவள் பக்கம் திருப்பினாள். திரையில் கயல் நின்றாள். யாரோ எதிரே வந்து, உன் குரல் நல்லாருக்கு என்றான். கயல் வசனத்தாள் கட்டை முகத்துக்கு நேரே தூக்கி மறைத்துக்கொண்டு, கால் கட்டைவிரலால் தரையைக் கீறினாள். கன்னம் செங்கல் நிறமாக மாறியது. "ச்சீ, போடா," என்றாள். குரல் மங்கையின் குரலேதான்.

மங்கை கணினியைத் தள்ளி வைத்தாள். தன் வாயிலிருந்து அந்த இரண்டு சொற்கள் வருவதை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. இது வெளியே போனால் பதிப்பகத்துப் பையன்கள் ஆடுவார்கள், மேலாளர் ஆடுவார், திருப்பி அனுப்பிய ஏழு பேரும் ஆடுவார்கள். வெளியே விறைப்பாக இருந்தவள் உள்ளே இப்படித்தான் குழைந்துகொண்டிருந்திருக்கிறாள் என்று அத்தனை பேரும் சிரிப்பார்கள். இத்தனை வருடம் கட்டிக் காத்த மரியாதை கட்டைவிரல் கீறலோடு போய்விடும்.

"கையெழுத்துப் போட மாட்டேன். கயலை எடுத்துரு."

"எடுத்துடலாம். ஆனா கதைக்கு ஒரு ப்ராம்ப்டர் வேணுமே. நாங்களே கற்பனையா ஒருத்தியை எழுதிடுவோம். அதுக்கு உங்க கையெழுத்து தேவையில்லை. அவ இப்படித்தான் இருப்பா. பாக்கிறவங்க உங்களைத்தான் நெனைப்பாங்க."

பெண் சின்னவளாக இருந்தாலும் மிரட்டத் தெரிந்தவள் என்று மங்கை குறித்துக்கொண்டாள். கொஞ்சம் மரியாதையும் வந்தது.

"சரி, எனக்கு ஒரு சந்தேகம்," என்று ஃபர்ஹானா பேச்சை மாற்றினாள். "எல்லா வீடியோவுலயும் 'அப்புறம்?'னு ஒரு வார்த்தை வருதே, அது என்ன?"

மங்கைக்கு இது பிடித்த விஷயம். "எங்க குழு வழக்கம் அது. மேடையில வசனம் மறந்துட்டுன்னா திருதிருன்னு முழிக்கக் கூடாது. ராஜான்னா ராஜாவாவே நின்னு, 'அப்புறம்?'னு கேக்கணும். சைடுல நிக்கிற நான் அடுத்த வரியை எடுத்துக் குடுப்பேன். முன்னால இருக்கவனுக்கு ராஜா மந்திரிகிட்ட விசாரிக்க மாதிரி இருக்கும்."

"ஒரு பத்திரிகைல விமர்சனமே வந்துது," என்றான் செல்வின். "அந்தச் சொல் வழியா காலத்தோட முடிவில்லாத தன்மையை நான் காட்டுதேன்னு எழுதியிருந்தாங்க."

"காட்டுனது இவன் இல்லை, சுடலைமுத்து. அவன்தான் கதாநாயகன். ஆறடி ஒசரம், கணீர்னு குரல், மண்டையில மட்டும் ஒண்ணும் தங்காது. பத்து வரிக்கு ஒரு 'அப்புறம்'. ராஜா வேசம் போட்டு மூணு வருசம் என் கையிலதான் பொழைச்சான்." மங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்து வருவது பதினேழு வருடமாக அவள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருக்கிற கதை. "கடைசி வருசம், கடைசி நாடகம். திரை போட்டு அரை மணி நேரம் ஆச்சு. எல்லாரும் போட்டோ பிடிக்கப் போய்ட்டாங்க. நான் வசனக் கட்டைக் கட்டிக்கிட்டு நிக்கேன். இந்த ஆளு பாதி மீசையைப் பிய்ச்ச மாதிரியே வந்து எதிர்ல நிக்கான். ரெண்டு நிமிசம் ஒண்ணும் பேசல. பெறவு கேக்கான், 'அப்புறம்?'னு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கேட்டா குடுக்கணும்லா. 'கோட்டைக் கதவைத் திறங்கள். படை புறப்படட்டும்.' நாடகத்துல அவனுக்குக் கடைசி வரி அதான். எடுத்துக் குடுத்தேன். என்னையே பாத்தான். பெறவு ராஜா குரல்லயே அதை அப்படியே சொன்னான். சொல்லிட்டுத் திரும்பிப் போய்ட்டான். நாடகம் முடிஞ்சதுகூடத் தெரியாத மண்டு."

செல்வின் வழக்கம்போலச் சிரித்தான். ஃபர்ஹானா சிரிக்கவில்லை. இந்தக் கதைக்குச் சிரிக்காத ஆளை மங்கை இப்போதுதான் பார்க்கிறாள். இந்தத் தலைமுறைக்கு நகைச்சுவை உணர்வு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு காட்டுறேன்," என்றாள் ஃபர்ஹானா. "நாப்பதாயிரம் பேர்ல யாருமே கயலை அஞ்சு தடவைக்கு மேல ஆடல. வெறுத்துப் போயி விட்டுடுவாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் தொண்ணூத்தி மூணு தடவை ஆடியிருக்கார். எங்க கணக்குல அவர் இருநூத்திப் பன்னிரண்டாம் நம்பர். வேற எந்தப் பாத்திரத்தையும் அவர் தொடவே இல்ல."

திரையில் அந்த ஆட்டம் ஓடியது. இருநூற்றுப் பன்னிரண்டு கவிதை படிக்கவில்லை, பூ கொடுக்கவில்லை. ஒத்திகைக்கு வந்து கயல் பக்கத்தில் நின்றார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் யாரையாவது கேலி செய்தபோது உண்மையாகவே சிரித்தார். நெஞ்சுப் படம் மெல்ல மெல்ல நிரம்பி, முக்கால் தாண்டி, விளிம்புக்கு வந்தது. வேறு யாருக்கும் அவ்வளவு தூரம் நிரம்பியதில்லை என்றாள் ஃபர்ஹானா. அப்புறம் கடைசி நாள் காட்சி. மேடையின் பக்கத்திரை ஓரம். கயல் வசனக் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். திரையின் கீழே மூன்று பதில்கள் வந்தன. அவர் மூன்றையும் தொடவில்லை. 'அப்புறம்?' என்று கேட்டிருந்தார்.

"கோட்டைக் கதவைத் திறங்கள். படை புறப்படட்டும்," என்றாள் கயல். நெஞ்சுப் படம் காலியானது.

"தொண்ணூத்தி மூணு தடவையும் இதே கேள்வி. இதே பதில்."

"சரிதான. அப்புறம்னு கேட்டா வசனம் குடுக்கணும். கயல் மேல என்ன தப்பு?"

ஃபர்ஹானா கொஞ்சம் தயங்கினாள். "போன்ல ஒருத்தர் பேசிட்டு இருக்கும்போது, எல்லாம் பேசி முடிச்சப்புறம், 'அப்புறம்?'னு சொன்னா நீங்க என்னக்கா சொல்வீங்க?"

"வச்சிருதேன்னு சொல்லுவேன்."

"மத்தவங்க?"

மங்கைக்குத் தெரியவில்லை. செல்வினுக்குத் தெரிந்திருந்தது. "பேச ஒண்ணும் இல்லை, ஆனா வைக்க மனசில்லைன்னு அர்த்தம் அதுக்கு. 'நீதான் சொல்லணும்'பாங்க. திரும்ப அந்தப் பக்கம், 'அப்புறம்?' இப்படியே மணிக்கணக்குல ஓடும். கல்யாணத்துக்கு முன்ன பெனிட்டாகிட்ட நானே..."

"நீ சும்மா இருல."

"எங்களுக்கு சுடலைமுத்து சார் பிரதியிலயும் ஒரு குழப்பம் இருந்துச்சு," என்றாள் ஃபர்ஹானா. "வீடியோவுல நானூத்திப் பன்னெண்டு தடவை 'அப்புறம்?' கேக்குறார். ஆனா பிரதிக்கு எந்த வசனமும் மறக்கல. ஒரு வரிகூட. ஏதோ பிழைன்னு நெனச்சு மூணு தடவை செஞ்சு பாத்தோம். மூணு தடவையும் அப்படித்தான் வருது. அப்பறம் வீடியோவையே உக்காந்து பாத்தோம். ரெண்டாம் வருசம் உங்களுக்கு மஞ்சக்காமாலை வந்து மூணு வாரம் வரல, ஞாபகம் இருக்கா?"

"ஆமா. செல்வின்தான் எடுத்துக் குடுத்தான்."

"அந்த மூணு வாரமும் பய ஒரு வரியிலயும் தடுக்கி நிக்கல," என்றான் செல்வின். "நான் குடுக்கிற விதம் அப்படின்னு நெனச்சேன்."

"மூணு வாரமும் சார் ஒரு தடவைகூட 'அப்புறம்?' கேக்கல," என்றாள் ஃபர்ஹானா. "நீங்க வந்த அன்னிக்கு பதினாறு தடவை கேட்டிருக்கார்."

ஃபர்ஹானா கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வின்கூட வாயை மூடிக்கொண்டான். அது அவன் வாழ்க்கையில் அபூர்வம்.

மங்கை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரை இன்னொரு தடவை கழுவினாள். பதினேழு வருடம், எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்த கதை அது. பேருந்து நிறுத்தத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், அலுவலக மொட்டை மாடியில். ஒவ்வொரு தடவையும் மண்டு என்று முடித்தாள். மண்டு யார் என்பது இப்போது கதையைக் கேட்ட இந்தச் சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. அடுத்தவர் பிழையைப் பிடித்தே பிழைத்தவள், தனக்கென்று வந்த ஒரே ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை. தன்னைப் பார்த்தே இளக்காரம் வந்தது. அது இவ்வளவு வலிக்கும் என்று இதற்கு முன் தெரியாது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். "யாரு அந்த இருநூத்திப் பன்னெண்டு?"

"பேர் சொல்லக் கூடாதுக்கா."

"சொல்லாண்டாம்."

ஃபர்ஹானா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "பேர்தான் சொல்லக் கூடாது. ஒப்புதல் படிவத்தைக் காட்டலாம், குழுவுல இருந்த எல்லாருக்கும் அதைப் பாக்க உரிமை இருக்கு. முன்னால நான் சொன்னது பொய்க்கா. கயலை எங்களால இளக்க முடியாது, வேற ஒருத்தியை எழுதவும் முடியாது. சுடலைமுத்து சார் ஒரு நிபந்தனை எழுதித்தான் கையெழுத்துப் போட்டார். கதாநாயகன் இல்லாம விளையாட்டே இல்ல. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

படிவத்தின் அடியில் நீல மையில் எழுதியிருந்தது: 'ப்ராம்ப்டரை மாற்ற கூடாது. மாற்றினால் என்னையும் எடுத்துவிடவும். அவளே மாற்ற சொன்னால் மட்டும் சரி.'

தொண்ணூற்று மூன்று தடவை தோற்ற ஆள் எழுதியது அது. மங்கை இரண்டு தடவை படித்தாள். அவள் கை தானாகப் பேனாவை எடுத்து, இரண்டு 'மாற்ற'வுக்குப் பின்னாலும் விட்டுப்போன ஒற்றுகளைப் போட்டது.

"அக்கா, அது சட்டப்படியான படிவம்," என்று ஃபர்ஹானா பதறினாள்.

"இப்பதான் சரியா இருக்கு," என்றாள் மங்கை. "அவன் எங்க இருக்கான்?"

"தூத்துக்குடியில, ஒரு உப்புக் கம்பெனியில," என்றான் செல்வின். "தனியாத்தான் இருக்கான். கல்யாணம் ஆகி ரெண்டே வருசத்துல அந்தப் பிள்ளை விட்டுட்டுப் போயிட்டு. மனுசன் வாயைத் திறக்கிறதே இல்லைன்னு சொல்லிச்சாம். நம்பர் வேணுமா?"

நம்பரை வாங்கினாள். கூப்பிடவில்லை. ஏழு பேரைத் திருப்பி அனுப்புகிற தைரியம் வேறு, ஒருவனைக் கூப்பிடுகிற தைரியம் வேறு. இரண்டாவது அவளிடம் இல்லை. தான் போகப் பயந்த இடத்துக்குக் கயல் என்ற பொம்மையை அனுப்பினாள்.

"ஒரே ஒரு மாத்தம் செய்," என்றாள் ஃபர்ஹானாவிடம். "கடைசி நாள், பக்கத்திரைகிட்ட, யாராவது 'அப்புறம்?'னு கேட்டா கயல் வசனம் குடுக்காண்டாம். கட்டைக் கீழ வச்சிட்டுச் சும்மா நிக்கட்டும். சிரிக்காண்டாம், செவக்காண்டாம், காலால கோலம் போடவும் வேண்டாம். நின்னா போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். போகும்போது செல்வின் காபி கேட்டான். பால் இல்லை என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஃபர்ஹானாவிடமிருந்து போன் வந்தது. எடுத்த எடுப்பில் நல்ல செய்திகளாக அடுக்கினாள். மாற்றிய கயலைத் திரும்ப ஆடக் கொடுத்தார்களாம். கவிதைக்காரர்கள் இன்னும் தோற்கிறார்களாம். ஆனால் பொறுமையாகப் பக்கத்தில் நின்று, கடைசியில் அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் சிலர் ஜெயித்துவிட்டார்களாம். ஒரு பெண் அழுதே விட்டாளாம். மங்கை எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள். அவள் காத்திருந்தது வேறு செய்திக்கு.

"இருநூத்திப் பன்னெண்டும் ஆடினாருக்கா. ஒரே ஒரு தடவை."

"என்ன ஆச்சு?"

"ஜெயிச்சுட்டார். கயல் கட்டைக் கீழ வெச்சா. நெஞ்சுப் படம் நிரம்பிடுச்சு. அந்த நிமிசமே கம்ப்யூட்டரை அணைச்சுட்டார். மறுநாள் கடிதம் போட்டிருக்கார். படிக்கவா?"

"படி."

"'ப்ராம்ப்டரை மாற்றிவிட்டீர்கள். கேட்டால் எடுத்துக் கொடுக்காமல் மங்கை ஒருநாளும் இருக்க மாட்டாள். இது அவள் இல்லை. நிபந்தனைப்படி என்னை எடுத்துவிடவும்.'"

மங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள். அவனுக்காக அவள் செய்த ஒரே காரியம். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, போலி என்று திருப்பிவிட்டான். அவன் மீது குற்றம் சொல்ல முடியாது. நூற்றுக்கு நூறு என்று தன்னைப் பற்றிச் சொன்னவள் அவள்தானே. அவனும் அதையே நம்பியிருக்கிறான்.

"நீங்கதான் மாத்தச் சொன்னீங்கன்னு சொன்னோம். கையெழுத்தைக் காட்டுனோம். யார் வேணா மங்கை மாதிரிக் கையெழுத்துப் போடலாம்னுட்டார். நீங்களே அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்கா. விளையாட்டுக்காக மட்டும் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு மங்கை மேசை முன்னால் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் நாலு வரியாக எழுதி, இரண்டு தடவை பிழை திருத்தி, எதிரே வைத்துக்கொண்டாள். வசனக் கட்டு இல்லாமல் அவள் என்றைக்குப் பேசியிருக்கிறாள்? நம்பரை அழுத்தினாள்.

"ஹலோ," என்றது அந்தக் குரல். கணீர் கொஞ்சம் குறைந்திருந்தது.

"நான் மங்கை பேசுதேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சொல்லு மங்கை. நல்லாருக்கியா?"

தாளில் அந்தக் கேள்வி இல்லை. அவள் முதல் வரிக்குப் போனாள். "விளையாட்டில் செய்த மாற்றம் என் சம்மதத்தோடு செய்யப்பட்டது."

"சரி."

"நானே கேட்டுச் செய்த மாற்றம் அது."

"சரி."

"படிவத்தில் போட்ட கையெழுத்து என்னுடையதுதான்."

"சரி மங்கை."

"எனவே நீங்கள் விலக வேண்டியதில்லை." நாலு வரியும் முடிந்துவிட்டது. தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. வைக்கவும் இல்லை. எங்கோ ஒரு லாரி பின்னால் வருகிற ஓசை கேட்டது. அவன் மூச்சு கேட்டது. இந்த மௌனத்தில் இன்னொரு நிமிடம் நின்றால், வச்சிருதேன் என்று வழக்கம்போலச் சொல்லிவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்புறம்?" என்றாள்.

அவள் வாயிலிருந்து வந்ததுதான். அவளுக்கே அது புதிதாக இருந்தது. பிறகு மெதுவாக, முன் வரிசைக்குக் கேட்காமல் மேடைக்கு மட்டும் கேட்கிற அந்த ப்ராம்ப்டர் குரலில், அவளிடமிருந்தே படித்துக்கொண்ட குரலில், சுடலைமுத்து எடுத்துக் கொடுத்தான்.

"கோட்டைக் கதவைத் திறங்கள்."

அதோடு நிறுத்திவிட்டான்.

வரி அங்கே முடியவில்லை. படை புறப்படுகிற மீதி இன்னும் இருக்கிறது. அவன் எந்த வரியையும் மறக்கிற ஆள் இல்லை என்பது இப்போது மங்கைக்குத் தெரியும். பழக்க தோஷத்தில் அவள் வாய் திறந்தது. தாளைக் கீழே வைத்தாள், வாயை மூடிக்கொண்டாள். போனைக் காதோடு பிடித்தபடி, எதையும் எடுத்துக் கொடுக்காமல் சும்மா இருந்தாள்.